எழுத்து முன்னாடி, நம்பர் பின்னாடி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அவன் போயிட்டான், இனி இந்தச் சீட்டுக்கு எவனும் வரமாட்டான். துண்டைப் போட்டு வெச்சா எடம் அவனுதாயிருமா? அதான் துண்டையும் வீசினேன், ஆளையும் நெஞ்சுல கைய வெச்சு ஒரு தள்ளு தள்ளினேன். அங்க பாருங்க, பின்னாடி போயிக் கம்பியப் புடிச்சுட்டு மொறைக்கறான். மொறைக்கட்டும். உக்கடத்துல ஏறுனவன் பொள்ளாச்சி வரைக்கும் மொறைச்சுட்டே வரட்டும், எனக்கென்ன? நான் கிணத்துக்கடவுல எறங்கிருவேன்.

நான் நெம்ப சாதுங்க. ஆரை வேணா கேட்டுப் பாருங்க. நாச்சிமுத்துன்னா வம்புக்குப் போகாத ஆளுன்னுதான் சொல்லுவாங்க. வாங்கறவன் அவனா வந்து வாங்கிக் கட்டிக்கறான், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இந்த வீட்டுக்காரி இருக்கறாளே, பரண் மேல இருந்து எதையாச்சும் எடுக்கலாம்னு கையத் தூக்கினாப் போதும், ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்குவா. "ஏன்டி, உன்னைய இப்ப ஆரு என்ன பண்ணுனா?"ன்னு கேப்பேன். மூடின கைய எடுக்க மாட்டா. அது அவ கொணம். பொறந்த வீட்டுல அப்படி வளத்தி விட்டுட்டாங்க.

மடியில என்னங்க பொஸ்தகம்? கம்ப்யூட்டர் பொஸ்தகமா! கம்ப்யூட்டர் வேலையா பாக்கறீங்க? அட, உங்களைய சாமிதான் கொண்டாந்து என்ற பக்கத்துல உக்கார வெச்சிருக்குது. உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும். முழுசாக் கேட்டுட்டு, ஆரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

நான் மில்லுல பிட்டர், ஸ்பானரு புடிக்கற வேலை. எந்த மில்லுன்னு கேக்காதீங்க, கேஸு நடக்குது. முதல்ல அது ரெண்டு மில்லுங்க. பழைய மில்லு நொடிச்சுப் போச்சுன்னு புது மில்லுக்காரன் வாங்கி ஒண்ணாக்கினான். நாங்க பழைய மில்லு ஆளுங்க. எங்க டோக்கன் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்கும். என்றது கே நாப்பத்தொண்ணு. ஆறுக்குட்டின்னு என்ற கூட்டாளி, அவனுது கே நாப்பத்திரண்டு. புது மில்லு ஆளுங்களுக்கு எழுத்துக் கெடையாது, மொட்டையா நம்பர்தான். எழுத்துக்காரன், நம்பர்காரன்னேதான் மில்லுக்குள்ள பேச்சு. எழுத்துக்காரன்னா சீனியர். கேண்டீன்ல எழுத்துக்காரன் வந்தா நம்பர்காரன் எந்திரிச்சு எடம் விடோணும்.

விடாதவனும் இருந்தான். பழனிவேலுன்னு ஒரு பொடியன், "எந்தச் சட்டத்துலீங்க இருக்குது?"ன்னு கேட்டான். அவன்ற பொடனியப் புடிச்சுச் சாம்பார் வாளியில மூஞ்சிய முக்கினேன். "இந்தச் சட்டத்துல"ன்னேன். சுடாத சாம்பாருங்க, கேண்டீன் சாம்பார் என்னைக்குச் சுட்டுச்சு? அதுக்கப்புறம் ஆரும் கேக்கல.

வருசா வருசம் சீனியாரிட்டி லிஸ்ட்டு ஒட்டுவாங்க. அதைப் போட்டுக் குடுக்கறதுக்கு ஆபீசுல ஒரு பெரிய மிஷின். மெயின்பிரேம்னு பேரு. உங்களுக்குச் சொல்லோணுமா? ஒரு ரூம்பு முழுக்க பீரோ பீரோவா நிக்கும். ஏசி ஜில்லுன்னு இருக்கும். செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள போகோணும், மொதலாளியே கழட்டிட்டுத்தான் போவாரு. ஆயுத பூசைக்கு நாங்களே போயிச் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரியும் கடலையும் படைச்சுட்டு வருவோம். அந்த மிஷின்ல இருந்து வர்ற லிஸ்ட்டுல எழுத்துக்காரங்க எப்பவும் மேல, நம்பர்காரங்க கீழ. ஏன் அப்படி வருதுன்னு நாங்க ஒருத்தரும் கேட்டதில்ல. மேல இருக்கறவன் எதுக்குங்க கேக்கறான்?

அந்த மிஷினைப் பாத்துக்கிட்டவர் ஜெயசீலன். ஒல்லியான மனுசன், கண்ணாடி, சட்டைப் பையில நாலு பேனா. தரையப் பாத்துட்டுத்தான் பேசுவாரு, அதுவும் காதுக்கு எட்டாது. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே ஆகாது. பேசறதுன்னா எதிராளி மூஞ்சியப் பாத்துச் சத்தமாப் பேசோணும்.

அப்புறம் ஆபீசுல சின்ன மிஷின் ஒண்ணு வாங்கினாங்க. டிவிப் பொட்டி மாதிரி மேசை மேல உக்காந்திருக்கும். பெரிய மிஷினுக்குள்ள இருந்த ஆளுங்க பேரு, டோக்கன் எல்லாத்தையும் ஜெயசீலன் சின்னதுக்கு மாத்தினாராம். இதெல்லாம் எங்களுக்கு அப்பத் தெரியாது. மில்லு நட்டத்துல ஓடுது, பாதிப் பேரை அனுப்பப் போறாங்கங்கறது மட்டும் தெரியும். சட்டம் என்னன்னா, கடைசியா வந்தவன் முதல்ல வெளிய போகோணும். எங்களுக்கு என்னங்க பயம்? நாங்கதான் முதல்ல வந்தவங்க. நம்பர்காரங்க மூஞ்சிதான் செத்துக் கெடந்துச்சு. பழனிவேலு ரெண்டு நாளாச் சோறே எறங்காம உக்காந்திருந்தான். நான் பாத்துட்டே ரெண்டாவது தடவை சோறு வாங்கித் தின்னேன்.

லிஸ்ட்டு ஒட்டினாங்க. மேனேஜர் நடுவுல பேனாவால ஒரு கோடு போட்டிருந்தாரு. கோட்டுக்குக் கீழ இருக்கறவனுக்கு வேலை இல்ல.

நான் முதல் வரியில என்ற டோக்கனைத் தேடறேன், காணோம். ரெண்டாவது தாள், காணோம். எல்லாம் மொட்டை நம்பரா இருக்குது. கீழ போறேன், இன்னும் கீழ போறேன். கோட்டுக்குக் கீழ ஏ வருது, பி வருது, அப்புறம் கே. ஆறுக்குட்டி என்ற தோளைப் புடிச்சுட்டு, "மாப்ள, நம்மளத் தலைகீழாத் தூக்கி நட்டுட்டானுக"ன்னு அழுவறான். அந்த மில்லுல நான் பொறந்த மாதிரிதான். வேற ஒரு வேலையும் எனக்குத் தெரியாது.

பின்னாடி ஒரு சிரிப்பு. திரும்பினா பழனிவேலு. "அண்ணா, எந்திரிங்க, எடத்தை விடுங்க"ங்கறான்.

அவன்ற முன்னம்பல்லு ரெண்டும் அங்கயே நோட்டீஸ் போர்டு முன்னால பேந்துச்சு. நல்லா நெனப்பு இருக்குது, ஒண்ணு என்ற கை முட்டியில குத்திட்டு நின்னுச்சு. பாருங்க, தழும்பு. இன்னும் மழைக்கு நோகுது. அதுக்கும் ஒரு நஷ்டஈடு தர ஆளில்ல.

"மேனேஜர் எங்கடா?"ன்னு ஓடினோம். அவரு காரை எடுத்துட்டுப் போயே போயிட்டாரு. ஆஜர் போடற டைம் ஆபீசுக்காரனைப் புடிச்சு நாலு சாத்து சாத்தினோம். அவன், "எனக்கொண்ணும் தெரியாதுங்க, மிஷின்தான் போட்டுது, மிஷின்தான் போட்டுது"ன்னு கத்தறான். மிஷின் போட்டுதா? அப்ப மிஷினுக்கே போவோம்னு கெளம்பினோம். ஒரு அம்பது பேரு இருப்போம். என்ற கையில பெரிய ஸ்பானரு, மத்தவன் கையில பைப்பு, கடப்பாறை, கெடைச்சது.

மிஷின் ரூம்பு வாசலுக்கு வந்தோம். எல்லாரும் செருப்பைக் கழட்டினோம்.

சிரிக்காதீங்க தம்பி. பழக்கம். பூசை போட்ட எடம். ஒடைக்கத்தான் போறோம்னாலும் செருப்புக் காலோட எப்படிங்க போறது?

உள்ள ஜெயசீலன் அந்தப் பெரிய மிஷினுக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுட்டு நிக்கறாரு. கம்பெனி சொத்தைக் காப்பாத்தறாராம்! எனக்கு எரிஞ்சுது பாருங்க, உச்சியில ஏறிருச்சு. "தள்ளுடா"ன்னேன். தள்ள மாட்டேங்கறாரு. "நாச்சிமுத்து, ஒரு நிமிசம் கேளுங்க. லிஸ்ட்டு தப்பு. நேத்து ராத்திரிதான் எனக்கே புரிஞ்சுது. மேனேஜர் வந்ததும் சொல்லி மாத்தச் சொல்றேன்"ங்கறாரு. விரிச்ச கைய எறக்க மாட்டேங்கறாரு.

"என்னடா தப்பு?"

அப்பச் சொன்னாரு. மிஷினுக்கு ஏ, பி, சி தெரியாதாம். ஒண்ணு, ரெண்டும் தெரியாதாம். ஒவ்வொண்ணுக்கும் உள்ளாற ஒரு ரகசிய எண்ணு வெச்சிருக்குமாம். பெரிய மிஷின்ல எப்சிடிக்னு ஒரு முறையாம். அதுல எழுத்துக்கெல்லாம் சின்ன எண்ணு, நம்பருக்கெல்லாம் பெரிய எண்ணு. அதனால டோக்கனை வரிசைப்படுத்தச் சொன்னா எழுத்து முன்னாடி, நம்பர் பின்னாடி வரும். சின்ன மிஷின்ல ஆஸ்கின்னு வேற முறையாம். அது அப்படியே தலைகீழு, நம்பர் முன்னாடி, எழுத்து பின்னாடி. "மாத்தும்போது இதை நான் கவனிக்கல. மேனேஜர் எப்பவும் போல மேல இருக்கறவன் சீனியர்னு நெனச்சுக் கீழ இருந்து வெட்டிட்டாரு. இந்தப் பெரிய மிஷின் இருந்தாத்தான் பழைய வரிசைய நான் எடுத்துக் காட்ட முடியும். இதுதான் உங்களுக்குச் சாட்சி. இதை ஒடைச்சிராதீங்க நாச்சிமுத்து"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க, வேலை போயி நெஞ்சு எரிஞ்சுட்டு நிக்கறவன்கிட்ட வந்து பேசற பேச்சா இது? எப்சிடிக்காம்! இருமல் மருந்துப் பேரு மாதிரி. ஏ-க்கு ஒரு எண்ணாம், ஒண்ணுக்கு இன்னொரு எண்ணாம். காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவில்லையா? கோடு போட்டது மேனேஜரு, எங்களைக் கீழ எறக்கினது அவங்க சதி, இவரு மிஷின் மேல பழியப் போட்டுத் தப்பிக்கறாருன்னு நெனச்சேன். அம்பது பேரும் அப்படித்தான் நெனச்சாங்க.

ஸ்பானரை ஓங்கினேன். மிஷினுக்குத்தான் ஓங்கினேன், என்ற கொழந்தைங்க மேல சத்தியம். அவரு குறுக்க வந்தாரு. அவரா வந்தாருங்க. எடது பக்கம், காதுக்கு மேல. கண்ணாடி தெறிச்சுது, பேனா நாலும் நாலு பக்கம் உருண்டுச்சு. பீரோவுல சாஞ்சுட்டே அப்படியே தரையில எறங்கினாரு. காதுல இருந்து ரத்தம் வருது, அப்பவும் வாய் மட்டும் ஓயல. "எழுத்து முன்னாடி... நம்பர் பின்னாடி... எழுத்து முன்னாடி..."ன்னு பள்ளிக்கொடத்துப் பசங்க வாய்ப்பாடு சொல்றாப்புல சொல்லிட்டே இருந்தாரு. அதைக் கேக்கக் கேக்க எனக்கு இன்னும் வெறி. இன்னொண்ணு போட்டேன். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் மிஷினைப் பூந்து வெளையாடினோம். பீரோக் கதவையெல்லாம் பேத்து எறிஞ்சோம். உள்ள இருந்த பலகை, ஒயரு எல்லாத்தையும் குடல் உருவறாப்புல உருவிப் போட்டோம். டேப்பு வட்டம் வட்டமா இருந்துச்சு, அதை இழுத்து ரூம்பு பூராச் சுத்தித் தீ வெச்சோம். அப்படி ஒரு திருப்தி தம்பி. எங்களைக் கீழ எறக்கின மிஷின் இனிமே ஆரையும் எறக்காதுன்னு ஒரு திருப்தி.

மூலையில ஒரு மேசை மேல டிவி ஒண்ணு இருந்துச்சு. துணியில பூப் போட்டு உறை தெச்சு மூடி வெச்சிருந்தாங்க. "டிவி என்னடா பாவம் பண்ணுச்சு"ன்னு ஆறுக்குட்டிதான் அதை அலுங்காமத் தூக்கித் தீப்படாத எடமாக் கொண்டுபோய் வெளிய வெச்சான்.

ஆமாங்க. அதுதான் அந்தச் சின்ன மிஷின். ஏன் இப்படிப் பாக்கறீங்க? எங்களுக்கு எப்படிங்க தெரியும்?

போலீசு வந்துச்சு. வெறுங்காலோட ஓடினோம், மில்லுக்குப் பின்னாடி முள்ளுக்காடு. செருப்பு அம்பது ஜோடியும் வாசல்ல அழகா வரிசையாக் கெடக்குது. இன்ஸ்பெக்டர் ஒண்ணுமே மெனக்கெடல. செருப்பை ஸ்டேசனுக்கு அள்ளிட்டுப் போயி, புடிச்சவனையெல்லாம் ஒவ்வொருத்தனாக் காலை விட்டுப் பாக்கச் சொன்னாரு. என்றது டயர் செருப்பு, ஆயிலு ஊறிப் போனது, வேற எவன் காலுக்கும் சேராது. பொருந்தினவனுக்கு அந்தக் காலுலயே லத்தி. என்ற வெரலு பாருங்க, சுண்டு வெரலு மடங்காது. அது அங்க வாங்கினது. நெம்ப வருசம் உள்ள இருந்துட்டு வந்தேன். அடிச்சதுக்குத் தண்டனையும் வாங்கியாச்சு, கணக்குத் தீந்துபோச்சு. தீந்துச்சா இல்லையா?

ஈச்சனாரி தாண்டிட்டமா? இன்னும் நேரம் இருக்குது. கேளுங்க, இனிமேத்தான் நாயமே இருக்குது.

எழுத்துக்காரங்க எல்லாரும் சேந்து கோர்ட்டுல கேஸு போட்டோம். கம்பெனிக்காரன் வக்கீலு வந்து என்னங்கறான்? "லிஸ்ட்டு சரியானதுதான். பழைய மில்லை நாங்க வாங்கின நாள்ல இருந்துதான் இவங்களுக்குச் சர்வீசு. அதனாலதான் இவங்க கீழ. நாங்க யோசிச்சுத்தான் போட்டோம்"ங்கறான். வாய் கூசாம! பழைய மில்லு பேப்பரெல்லாம் செல்லாதுன்னுட்டான். எங்க வக்கீலு தலையில கைய வெச்சுட்டாரு. "இத்தனை வருசம் உங்களை மேலதான் வெச்சிருந்தாங்க, மிஷின் மாறினப்பத் தப்பா வரிசை மாறிருச்சு, இதை நிரூபிச்சாத்தான் உங்களுக்கு வேலை"ங்கறாரு. வருசா வருசம் ஒட்டின லிஸ்ட்டெல்லாம் நாங்க வெச்ச தீயில போச்சு, பழைய மிஷின்ல போட்டுக் காட்டினாத்தான் உண்டு. பழைய மிஷினு எங்க இருக்குது? காயலாங் கடையில. கம்பெனிக்காரன் சின்ன மிஷினைத் தொடச்சுப் பொட்டு வெச்சுக் கோர்ட்டுக்கே கொண்டாந்துட்டான். தட்டினா ஒவ்வொரு தடவையும் நாங்க கீழதான் வர்றோம்.

"மிஷின் இல்லீன்னா அதை ஓட்டின ஆளு வந்து சொல்லோணும்"னாரு வக்கீலு. மெட்ராஸ்ல இருந்து கம்ப்யூட்டர் படிச்சவர் ஒருத்தரைக் கூட்டியாந்தோம். ஜட்ஜு, "இப்படி நடக்கலாம்னு நீங்க சொல்றீங்க, இங்க இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்ற ஆளு ஆரு?"ன்னு கேட்டாரு. அப்படிச் சொல்ல ஒலகத்துலயே ஒரே ஆளுதான். ஜெயசீலன்.

அவரு சொன்னது நெசந்தானுங்களா? எழுத்து முன்னாடி, நம்பர் பின்னாடி, சின்ன மிஷின்ல தலைகீழு? நீங்களும் தலையாட்டறீங்க. அப்ப நெசந்தான். பாருங்க, எத்தனை பெரிய விசயம்! இதை அந்த மனுசன் அன்னைக்கே ஒழுங்காச் சொல்லியிருந்தா இத்தனை கஷ்டம் வந்திருக்குமா? சொன்னாரு, இல்லீங்கல. சொல்ற மாதிரி சொன்னாரா? மூஞ்சியப் பாத்துச் சத்தமாச் சொல்லியிருக்கோணும். ஆறுக்குட்டி வேலை போன ஏக்கத்துல மருந்தக் குடிச்சுட்டுப் போய்ச் சேந்துட்டான். நான் அப்ப உள்ள இருக்கறேன், அவனுக்கு ஒரு கை மண்ணுப் போடக்கூட என்னைய விடல. அந்தச் சாவெல்லாம் ஆரு கணக்குல எழுதறது?

சரி, போனது போகட்டும், நாமளே போயிக் கூப்பிடுவோம்னு பெருந்தன்மையாக் கெளம்பினேன். ஜெயசீலன் ஆஸ்பத்திரியில பொழைச்சு வந்துட்டாரு, கிணத்துக்கடவுல வீடு. திராட்சை வாங்கிட்டுத்தான் போனேன். அவரு சம்சாரம் எஸ்தர் டீச்சர் கதவைத் தொறந்துச்சு. என்னையப் பாத்ததும் கதவைச் சாத்துச்சு. நான் வெளிய நின்னே, "கோர்ட்டுக்கு வந்து ரெண்டே வார்த்தை சொல்லச் சொல்லுங்க"ன்னேன். உள்ள இருந்து அந்தம்மா, "அவருக்கு இப்ப ரெண்டு வார்த்தையே இல்ல, போயிடுங்க"ன்னு சொல்லுச்சு. பெரிய திமிரு.

போன வாரம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை கதவுல தோளைக் குடுத்து உள்ள போயிட்டேன். அந்தம்மா குறுக்க விழுந்துச்சு, அக்கட்டாலத் தள்ளி விட்டேன். அவரு சேர்ல உக்காந்திருக்கறாரு. லுங்கி கட்டியிருக்குது, கழுத்துல ஈரத் துண்டு, வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு எச்சி ஒழுகுது. சட்டைப் பையில நாலு பேனாவை மட்டும் யாரோ சொருகி வெச்சிருக்காங்க. என்னையப் பாத்துச் சிரிக்கறாரு. பச்சைக் கொழந்தை சிரிக்குமே, அப்படி ஒரு சிரிப்பு.

மண்டி போட்டு உக்காந்தேங்க. ஆருக்கும் மண்டி போடாதவன் நான். "சார், எழுத்து முன்னாடி, நம்பர் பின்னாடி. இதை மட்டும் ஜட்ஜு முன்னாடி சொல்லிருங்க சார். அம்பது குடும்பம் பொழைச்சுக்கும்"னேன். சிரிக்கறாரு. "ஏ சொல்லுங்க சார், பி சொல்லுங்க"ன்னேன். அதுக்கும் சிரிக்கறாரு. அந்தம்மா அழுதுட்டே சொல்லுது, "அவருக்கு ஒண்ணும் தெரியாது. பேரு தெரியாது. ஒண்ணு ரெண்டு தெரியாது. என்னையே தெரியாது, ஆஸ்பத்திரி நர்சுன்னு நெனச்சுக்கறாரு. தயவு பண்ணிப் போயிடுங்க"ங்குது.

நானும் நம்பினேங்க. பொய் சொல்லக் கூடாது, பாவம்னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு. எந்திரிச்சேன். ஆத்தாமை தாங்காம, செவத்துல ஓங்கி ஒரு குத்து விடலாம்னு கையத் தூக்கினேன்.

அப்ப அந்த மனுசன் என்ன பண்ணினாருங்கறீங்க? சிரிப்பு டக்குனு நின்னுச்சு. ரெண்டு கையையும் தூக்கித் தலைய மூடிக்கிட்டாரு. அதுவும் எங்க? எடது பக்கம், காதுக்கு மேல. அச்சு அசலா அதே எடம். சேர்ல சுருண்டு முனகறாரு.

புடிச்சனா இல்லையா? பொண்டாட்டிய மறந்துபோச்சாம், பேரு மறந்துபோச்சாம், ஏ, பி, சி மறந்துபோச்சாம். என்ற கை மட்டும் எப்படிங்க மறக்கல? எல்லாம் மறந்தவனுக்கு இது ஒண்ணு மட்டும் எப்படிங்க நெனப்பு இருக்கும்? நடிப்பு! எங்க மேல இருக்கற வன்மத்துல, அம்பது குடும்பமும் நாசமாப் போகட்டும்னு வாய மூடிட்டு உக்காந்திருக்கறாரு. இதைச் சொன்னா வக்கீலு நம்ப மாட்டேங்கறாரு. "இனி அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க"ங்கறாரு. திங்கக்கெழமை கேஸு முடியுது. போகாம எப்படி இருக்கறது?

ஒத்தக்கால்மண்டபம் போயிருச்சா? அடுத்தது என்ற ஸ்டாப்புத்தான். உங்க காலுக்குக் கீழ ஒரு மஞ்சப்பை இருக்குது, சித்த எடுத்துக் குடுங்க. பாத்து, கனமா இருக்கும். மேல திராட்சை, நசுங்கிரப் போகுது.

கீழ ஸ்பானருங்க. அது இல்ல, அதைப் போலீசு கேஸுக்குன்னு எடுத்துக்கிச்சு. இது வேற, அதே சைஸு. நேத்து கடைகடையா அலைஞ்சு வாங்கினேன்.

அட, பயப்படாதீங்க, அடிக்கறதுக்கு இல்ல. காட்டறதுக்குத்தான். மூஞ்சிக்கு நேரா இப்படிப் புடிச்சுக் காட்டுவேன். நெசமாவே எல்லாம் மறந்தவருன்னா, இதைப் பாத்தும் சிரிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கோணுமா இல்லையா? கை தலைக்குப் போச்சுன்னா மாட்டினாரு. அப்பறம் நான் கேக்கற விதத்துல கேக்கறேன், எழுத்து முன்னாடியா, நம்பர் முன்னாடியான்னு.

நவுருங்க தம்பி, எறங்கோணும். என்னங்க இது, மேல கம்பியப் புடிக்கக் கையத் தூக்கினதுக்குப் பொஸ்தகத்தை எதுக்குத் தலைக்கு மேல தூக்கிப் புடிக்கறீங்க? உங்களை நான் என்ன பண்ணினேன்?